பழவேற்காட்டுக்கு எத்தனை கஜம் துணி?

உக்காரு அப்பு. திண்ணையில பஞ்சுத் தூசி கெடக்கும், தட்டிட்டு உக்காரு. செல்லூருல தூசி இல்லாத திண்ணை வேணும்னா தறி இல்லாத வீடாப் பாத்துப் போகணும். இப்ப அதுவும் நெறையா இருக்கு.

உங்க ஆத்தா காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனா. பேரனுக்கு வேலை கெடைச்சிருச்சாம், பழவேற்காட்டுல ஏரியப் பாத்துக்குற வேலையாம். ஏரியப் பாத்துக்குறதுக்கு மாசச் சம்பளமா, அதுக்கு ஜீப்பு வேறயான்னு எனக்கு வாயடைச்சுப் போச்சு. எங்க காலத்துல கண்மாயப் பாத்துக்கிட்ட நீர்க்கட்டிக்கு, அறுப்பு முடிஞ்சா களத்துல நெல்லு அளந்து போடுவாய்ங்க. அந்த மனுசன்கிட்ட ஒரு மம்பட்டிதான் இருந்துச்சு. கண்மாய் நல்லாத்தான் இருந்துச்சு.

"ஏரி இல்ல தாத்தா, அது காயல். ஆத்துத் தண்ணியும் கடத் தண்ணியும் கலந்து நிக்கிற உப்பங்கழி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெருசு"ங்குற. சரிப்பா. கடலுக்கே ஒழுங்காப் போகாத ஆத்தங்கரையில பொறந்தவன்கிட்ட வந்து கடலச் சொல்ற. நம்ம வைகை வருசநாட்டு மலையில பொறந்து, 258 கிலோமீட்டர் நடையா நடந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள்ள போயிப் படுத்துக்கிரும். மிஞ்சுனாத்தான் கடலுக்கு. ஆனாலும் யோசனை கேட்டு வந்த பாரு, அதுல நீ கெட்டிக்காரன். தண்ணி நிக்கிற எடத்த எப்படிக் காப்பாத்துறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா வேற ஊருக்குப் போ. எப்படிச் சாகடிக்கிறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா செல்லூருக்கு வரணும். அதுல நாங்க பட்டம் வாங்குனவய்ங்க.

முதல் பாடம் மூடி வைக்கிறது. 2017 ஏப்ரல்ல, எங்க ஊர் பேரை இனிசியல் மாதிரி முன்னால போட்டுக்கிட்ட அமைச்சர் ஒருத்தர், வைகை அணைத் தண்ணி வெயில்ல ஆவியாப் போகுதேன்னு கவலைப்பட்டு, மேல தெர்மாகோல் அட்டையப் பரப்பச் சொன்னாரு. காத்து ஒரு வீசு வீசுச்சு. அம்புட்டும் கரையில வந்து ஒதுங்கிருச்சு. நாடே சிரிச்சுச்சு. நான் சிரிக்கல அப்பு. தண்ணி கொறையுதேன்னு ஒரு மந்திரி கவலைப்பட்டாரே, அதுவே பெருசு. ஆனா தண்ணி மேல மட்டுமா போகுது? தண்ணிக்குள்ள என்ன வந்து சேருதுன்னு கேக்குறதுக்குத் தெர்மாகோல் இல்ல.

ரெண்டாம் பாடம் இன்னும் ஒசத்தி. 2025 மே 31-ஆம் தேதி முதலமைச்சர் மதுரைக்கு வந்தாரு. அவரு போற வழியில பந்தல்குடி கால்வாய் கெடக்குல்ல, நம்ம பக்கத்துச் சாக்கடையெல்லாம் சுமந்துக்கிட்டு வைகைக்குப் போற மகராசி, அவளோட கரையில துணியக் கட்டி மறைச்சுப்புட்டாய்ங்க. நாத்தம் துணிக்குக் கட்டுப்படுமா? விசயம் படமாகி ஊரெல்லாம் சுத்துச்சு. அன்னைக்கே முதலமைச்சர் நேர்ல போயிக் கால்வாயப் பாத்துட்டுப் போனாரு. ஆக, மறைக்கலைன்னா அவரு பாத்திருக்கவே மாட்டாரு. துணியோட மகிமை அது. நெசவுக்காரன் நான் சொல்லக் கூடாது, ஆனா பெருமையாத்தான் இருந்துச்சு.

அதனால கேக்குறேன். உன் காயலு எம்புட்டு நீளம்? 60 கிலோமீட்டரா. ரெண்டு கரையும் சேத்தா 120. ஒரு லட்சத்து முப்பதாயிரம் கஜத்துக்கு மேல வருது. ஆர்டரை எங்களுக்கே குடுத்துரு. கூட்டுறவுச் சங்கத்துல சரக்கு தேங்கிக் கெடக்கு, உனக்கும் வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும்.

சிரிக்கிற. சிரி. இப்ப அந்தக் காயலப் பத்திச் சொல்லு, கேக்குறேன்.

ஓ, அதுல பெரும்பங்கு ஆந்திராவா? நமக்குக் கால்வாசிகூட இல்லையா? அப்ப அது பாகம் பிரிச்ச வீட்டுக் கெணறு. தூரு வார்ற அன்னைக்கு அண்ணன் தம்பியப் பாப்பான், தம்பி அண்ணனப் பாப்பான். எறைக்கிற அன்னைக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் பாத்தியதை. தெக்க ஆரணியாறு வந்து விழுது, வடமேற்க காளங்கியாறு வந்து விழுது. கெழக்க ஸ்ரீஹரிகோட்டாத் தீவு சுவரு மாதிரி நின்னு கடல மறைக்குது. தெக்குக் கோடியில முகத்துவாரம், அது வழியாத்தான் கடல் உள்ள வரும், வெளிய போகும். ஆழம் சராசரி ஒரு மீட்டர் பக்கம். அம்புட்டுத்தானா! எங்க கண்மாயில அதைவிட ஆழத்துல முங்கியிருக்கேன்.

சூலூர்ப்பேட்டையில இருந்து தீவுக்கு ரோடு போட்டிருக்காய்ங்கள்ல, காயல ரெண்டாக் கிழிச்சுக்கிட்டு? அதைப் பேப்பர்ல படிச்சப்ப எனக்கு ஒரு யோசனை. நிலாவுல தண்ணி இருக்கான்னு பாக்குற ராக்கெட்டு அந்தத் தீவுல இருந்துதான் கெளம்புது. 2023-ல சந்திரயான் போச்சே, பேரப் பிள்ளைகளோட உக்காந்து டி.வி.யில பாத்தேன், கையும் தட்டுனேன். ஆனா ராக்கெட்டுக்குப் போட்ட ரோட்டுக்குக் கீழ தண்ணி தாராளமா அங்கிட்டும் இங்கிட்டும் போறதுக்கு வழி விட்டிருந்தா இன்னும் ரெண்டு தட்டு கூடத் தட்டியிருப்பேன்.

நீ என்னமோ 'சூழல் மண்டலம்', 'உவர்ப்புத்தன்மை'ன்னு படிச்சதைச் சொல்ற. எனக்கு அது ஏறல. நான் என் பாஷையில சொல்றேன், சரியான்னு பாரு. கடத் தண்ணி பாவு. ஆத்துத் தண்ணி ஊடை. ரெண்டும் குறுக்கும் நெடுக்கும் ஓடுனாத்தான் துணி. பாவு மட்டும் இருந்தா அது வெறும் நூலு, ஊடை மட்டும் இருந்தாலும் வெறும் நூலு. அப்ப நாடா எதுன்னு கேளு. இறாலு! கடல்ல பொறந்து, பொடிசா இருக்கையில முகத்துவாரம் வழியா உள்ள வந்து, கழியில மேஞ்சு வளந்து, திரும்ப முட்டை போடக் கடலுக்குப் போகுதுன்னு சொன்னீயே, அதுதான் நாடா. போயி வரணும். முகத்துவாரம் மணல் மேடாகி அடைச்சுக்கிருச்சுன்னா நாடா சிக்கிரும். உள்ள இருக்குறது வெளிய போகாது, வெளிய இருக்குறது உள்ள வராது. அதுக்கு மேல வெயில் காஞ்சா கழித் தண்ணி கடலைவிட உப்பாப் போயிரும். ஆரணியாத்துல மேல பிச்சாட்டூருல அணை, கீழ தடுப்பணை. ஊடையும் கொறையுது. சரியாச் சொன்னேனா? பாத்தியா, குழித்தறியில உக்காந்தவனுக்கும் விளங்குது. உனக்கு ஏன் ரெண்டு வருசப் படிப்பு தேவைப்பட்டுச்சு?

குழித்தறின்னதும் ஞாபகம் வருது. 2024 அக்டோபர்ல ஒரு மழை பேஞ்சுச்சே. செல்லூர் கண்மாய்த் தண்ணிக்கு வைகைக்குப் போக வழியில்ல, எங்க தெருவுக்கு வர வழி இருந்துச்சு. என் தறிக்குழி நெறஞ்சு கெணறு மாதிரி நின்னுச்சு. கட்டியிருந்த பாவு முழுசா ஊறிப்போச்சு. சாக்கடையில ஊறுன பாவ என்னத்தச் செய்ய, அறுத்து எறிஞ்சேன். பின்னால ஏறத்தாழ 12 கோடிக்குச் சிமென்ட் கால்வாய் கட்டுறதா அறிவிச்சாய்ங்க. நல்ல காரியம். முப்பது நாப்பது வருசத்துக்கு முன்னால யாராவது கால்வாய் மேல வீடு கட்டாதன்னு சொல்லியிருந்தா 12 ரூவாயில முடிஞ்சிருக்கும். சொன்னவனும் உண்டு. அவனைக் கிறுக்கன்னு சொல்லிட்டோம். சொன்னதுல நானும் ஒருத்தன், கிறுக்கன்னு.

அந்தக் கண்மாய் வத்துற நாள்ல ஊர்கூடி மீன் புடிப்போம். கெண்டையும் வெராலும் ஆளுக்கு ஒரு கூடை. அயிரைய அள்ளி, உசுரோட சட்டிக்குள்ள விட்டு, உப்புப் போட்டு ஒரசிக் கழுவி எங்க அம்மா குழம்பு வச்சா, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைய மறந்துட்டு வந்துருவான். இப்ப அதுல ஆகாயத்தாமரைதான் பச்சைப் பசேல்னு. வெளியூர்க்காரன் பாத்தா புல்வெளின்னு எறங்கிருவான். எறங்குனவனை எடுக்கப் பொக்லைன் வரணும்.

இதெல்லாம் கண்மாய். கடக்கரையில உள்ள கழிக்கு என்ன சம்பந்தம்னு கேப்ப. சம்பந்தம் ஒரே ஒரு எழுத்துல இருக்கு. பெரியவங்க கழிவெளின்னு பேரு வச்சாங்க. நம்ம ஆளுக ஒரு எழுத்தை நடுவுல சொருகிக் கழிவுவெளின்னு படிச்சுட்டாய்ங்க. அப்புறம் என்ன, எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல அந்தக் கழியில விட்டாய்ங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையோட மழையா எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்துலயும் கழியிலயும் படிஞ்சுச்சு. மீனவங்க வலையும் படகும் கறுப்பாப் போச்சு. வாளிய வச்சு எண்ணெய அள்ளுனாங்க, டி.வி.யில பாத்தேன். உன் பழவேற்காடு அதுக்கு வடக்க கொஞ்ச தூரம்தான். நடுவுல காட்டுப்பள்ளித் துறைமுகம் வேற. 330 ஏக்கர்ல இருக்குறதை 6,111 ஏக்கரா ஆக்கணும்னு ஒரு திட்டம் போட்டு வச்சிருக்காய்ங்கள்ல?

துறைமுகத்து மேல எனக்குக் கோவம் இல்ல. கப்பல் வரலைன்னா என் வீட்டுப் பருப்பு வேகாதாம், சொல்றாய்ங்க. ஆனா மணலுக்கும் கால் இருக்கு பாரு. அந்தக் கரையில வருசத்துல பாதிக்கு மேல மணல் வடக்க பாத்து நடந்து போகுதாம், ஐப்பசி கார்த்திகையில கொஞ்சம் தெக்க திரும்புதாம். நீதான் சொன்ன. நடந்து போறவன் குறுக்க கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவரு கட்டுனா, தெக்க மணல் குமியும், வடக்க கரை அறுக்கும். எங்க தெருவுல ஒருத்தன் வாசப்படிய ஒரு அடி ஒசத்துனா மழைத் தண்ணி அடுத்த வீட்டுக்குள்ள போகும். அடுத்த வீட்டுக்காரனும் ஒசத்துவான். கடைசி வீட்டுக்காரன் யாரோ அவன் நீச்சல் கத்துக்கணும். கடக்கரையில அந்தக் கடைசி வீட்டுக்காரன் உன் முகத்துவாரம்.

அதை அடைக்காம வைக்க ரெண்டு பக்கமும் நேர்கல் சுவர் கட்டுறதுக்கு 26 கோடிக்கு மேல ஒதுக்குனாங்கன்னு படிச்சேன். இதை நான் கேலி பண்ண மாட்டேன். மீனவங்களே வருசக்கணக்காக் கேட்டது அது. முன்னால எல்லாம் அவங்களே ஊருல வரி போட்டு, ஆளு சேத்து, மணலத் தோண்டி வழி விட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், காதுல போட்டுக்க. கல்லைப் போட்டு முடிச்ச அன்னைக்கு நாடாவ வெட்டிப் படம் புடிச்சுட்டு வந்துராத. மணல் எந்தப் பக்கம் குமியுது, எந்தக் குப்பத்துக் கரை தேயுதுன்னு மாசாமாசம் அளந்து எழுதி வை. வாய் தெறந்து வைக்கிறது ஒரு நாள் வேலை இல்ல.

ஒரிசாக்காரன் பாத்தியா, சிலிக்காவுல பழைய வாய் தூந்து போயி, உப்பு கொறைஞ்சு, களை மண்டி, மீன் இல்லாமப் போயி, 1993-ல 'இது ஆபத்துல இருக்கு'ன்னு உலகப் பட்டியல்லயே ஏத்திட்டாய்ங்க. அப்புறம் அதுக்குன்னு இருந்த ஆணையம், பூனாவுல உள்ள நீர் ஆராய்ச்சி நிலையத்துல கணக்குப் பாத்து, 2000 செப்டம்பர்ல புதுசா ஒரு வாய் வெட்டுச்சு. வருசத்துக்கு 1,700 டன் சுமார் இருந்த மீன், ரெண்டே வருசத்துல 11,000 டன்னைத் தாண்டிருச்சு. 2002-ல அந்தப் பட்டியல்ல இருந்தும் எறங்கிருச்சு. நம்ம கால்வாய்ல துணி கட்டுன மாதிரி சிலிக்காவ யாரும் மறைக்கல, வாயத்தான் தெறந்தாய்ங்க. ஆனா அந்தப் புது வாயும் சும்மா இருக்கல, நகந்துக்கிட்டேதான் இருக்காம். கடலு யாரு பேச்சக் கேக்கும்? இன்னொரு பக்கம் வேலி கட்டி இறால் வளக்குறவன் இன்னும் வளத்துக்கிட்டுத்தான் இருக்கான்.

இறாலுன்னதும் ஜெகந்நாதன் ஐயாவச் சொல்லணும். நம்ம ராமநாதபுரம் சீமைக்காரரு, சர்வோதயத்துக்காரரு. கடக்கரையெல்லாம் இறால் பண்ணை தோண்டி நெலத்தையும் குடிதண்ணியையும் உப்பாக்குறாய்ங்கன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு. பழவேற்காடு, சிலிக்கா ரெண்டு ஏரியப் பேரு சொல்லியே, 1,000 மீட்டருக்குள்ள இறால் பண்ணை கூடாதுன்னு எழுதிட்டாங்க. உனக்கு வேலை குடுத்தவன் இதைச் சொன்னானா? சொல்ல மாட்டான். 2005-ல ஒரு சட்டம் வந்து, பதிவு பண்ணிக்கிட்டா கடக்கரையில பண்ணை நடத்தலாம்னு ஒரு வழி போட்டுக் குடுத்துச்சு. தீர்ப்பு முன்வாசல்ல காவலுக்கு உக்காந்திருக்கையில, சட்டம் கொல்லைப்பக்கமா வந்து பந்தியில உக்காந்திருச்சு. நீ போனதும் முதல்ல ஒரு டேப்ப எடுத்துக்கிட்டு அந்த 1,000 மீட்டரை அளந்து பாரு. டிரான்ஸ்பர் எவ்வளவு வெரசா வருதுன்னும் தெரிஞ்சுக்கலாம்.

பயப்படாத. லந்துக்குச் சொன்னேன். பாதி லந்து.

அங்க போனதும் ஆபீசு எங்க போடுவீங்க? தயவு செஞ்சு காயலுக்குள்ள போட்றாதீங்க. எங்க மாநகராட்சி ஆபீசு தல்லாகுளம் கண்மாய்க்குள்ளதான் உக்காந்திருக்கு. ஐகோர்ட்டுக் கிளை 2004-ல தெறந்தாங்களே, அது உலகனேரிக் கண்மாய் இருந்த எடம். நீர்நிலைய ஆக்கிரமிச்சவன் மேல கேஸ் போடணும்னா நாங்க கண்மாய்க்குள்ள எறங்கிப் போயித்தான் போட்டுட்டு வரணும்.

அப்புறம் அந்தப் பூநாரை. ஆயிரக்கணக்குல வந்து நிக்கும், ரோஸ் கலருல, பாக்க அழகா இருக்கும். சூலூர்ப்பேட்டையில திருவிழாவே எடுக்குறாங்க. பூநாரை படத்த அனுப்பி 'காயல் நலமாக உள்ளது'ன்னு மேல எழுதிராத. முழங்கால் தண்ணியில நிக்கிற பறவை அது. ஆழமா இருந்த எடம் தூந்து போனாலும் கொஞ்ச காலத்துக்கு அங்கயும் வந்து நிக்கும். மடவையும் நண்டும் எம்புட்டு வருது, எத்தனை சைசுல வருதுன்னு கரையில கூடை வச்சிருக்குற பொம்பளையக் கேளு. அவ சொல்றதுதான் கணக்கு. கையால சேத்துல தடவி இறால் புடிக்கிற இருளர் ஆளுககிட்டக் கேளு. சேறு கறுத்துருச்சா, நாறுதான்னு அவங்க விரலுக்குத்தான் தெரியும். உன் மெஷினுக்கு பேட்டரி தீந்துரும்.

முக்கியமா 'பாடு'ன்னு ஒண்ணு சொன்னீயே, அதை இன்னொரு தரம் சொல்லு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம். முகத்துவாரத்துப் பக்கம் மீன் படுற எடங்களைப் பங்கு வச்சு, இன்னைக்கு இந்த ஊரு, நாளைக்கு அந்த ஊருன்னு முறை. தலைக்கட்டுல பேரு உள்ளவன் வலைய எறக்கலாம். நல்ல எடமும் மோசமான எடமும் மாறி மாறி எல்லாருக்கும் வரும். அட, எங்க நீர்க்கட்டி மடை தெறந்த முறைதான் இது! மேமடைக்கு இத்தனை நாழி, கீமடைக்கு இத்தனை நாழி. எழுதாத சட்டம், ஆனா எவனும் மீறல. முழுக்க நியாயம்னு சொல்ல மாட்டேன். தலைக்கட்டுல பேரு இல்லாதவன், வேற சாதிக்காரன், அவனெல்லாம் ஓரத்துலதான் நிப்பான். எங்க கண்மாயிலயும் அப்படித்தான் நின்னான். அதைத் திருத்தணும். ஆனா முறையே இல்லாமப் போச்சுன்னா என்ன ஆகும்னு எங்க கண்மாயப் பாரு. நீர்க்கட்டி வேலைக்கு ஆள் இல்லாமப் போன பின்னாலதான் எல்லாம் போச்சு. பாடுன்னா அவங்களுக்குச் சட்டம். முகத்துவாரம் மூடிக்கிட்டா அது வெறும் பாடு.

வெளிநாட்டுலயும் இதே கதைதான்னு ஆரம்பிச்ச. வெனிசு ஊருக்காரன் 1501-லயே தண்ணிக்குன்னு தனியா ஒரு அதிகாரம் வச்சான், கழி தூந்துறக் கூடாதுன்னு ஆத்தையே வேற பக்கம் திருப்பி விட்டான், இப்பக் கடலைத் தடுக்கக் கதவு போட்டிருக்கான், 2020-ல முதத் தடவையாத் தூக்கி நிறுத்துனான். அந்தக் கதவு வேலையிலயும் லஞ்ச வழக்கு நடந்துச்சுன்னியே, அதக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. நம்ம மட்டும் இல்ல.

காபி ஆறிப்போச்சு, குடி. உங்க ஆத்தா வேற காத்துக்கிட்டு இருப்பா.

போனதும் எனக்கு ஒரு காரியம் செய்யி. போட்டோ வேணாம், அறிக்கை வேணாம். மாசம் ஒரு அமாவாசைக்குப் போன் பண்ணி, முகத்துவாரம் தெறந்திருக்கா மூடியிருக்கான்னு ஒரு தாக்கல் மட்டும் சொல்லு. தெறந்திருக்குன்னா, அடுத்த தடவை வர்றப்ப மடவைக் கருவாடு ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. மூடியிருக்குன்னா தாமசம் பண்ணாம அளவச் சொல்லிவிடு. தறியில இன்னைக்கே பாவு ஏத்துறேன்.